அவிழ்க்காத மூட்டை

கிரேஸுக்கு இடது தோள்பட்டையில் குத்தல் நிற்கவே இல்லை. சாயப்பட்டறையில் கொதிக்கிற தண்ணீரிலிருந்து பட்டுநூல் கழிகளைத் தூக்கி முறுக்கிப் பிழிந்த கை, தலை வார மேலே எழும்பவில்லை. அதைத் தொங்கப் போட்டுக்கொண்டு பூவம்மாள் வீட்டுத் தறிக்குழி ஓரம் உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு டேனியலு ஜாமீன் மனு வருதுக்கா. போதை மருந்து கடத்தல் கேஸு, லேசுல குடுக்கமாட்டாங்களாம். இவன் தப்பு பண்ணலன்னு ஜட்ஜுக்கே தோணணுமாம்."

அவள் மகன் டேனியல் பரசுராமனின் பட்டுநூல் கடையில் வேலை பார்த்தவன். வெளிநாட்டிலிருந்து வந்த நூல் பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கினான். பரசுராமன் அதைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டு, "சொல்றப்ப கொண்டா" என்று அவனிடமே கொடுத்தனுப்பினார். ஒரு வாரம் கட்டிலடியில் கிடந்தது. அதிகாரிகள் வந்து பிரித்தபோது நூலுக்குள் வெள்ளைப் பொடி. கையெழுத்து அவனுடையது, எனக்குத் தெரியாது என்று பரசுராமன் கையைக் கழுவிவிட்டார்.

"ஒரு வாரம் வச்சிக்கினு தொறந்தே பாக்கலியான்னு கேக்குறாங்கக்கா."

பூவம்மாள் சிரித்துவிட்டாள். "கடைக்காரன் போட்ட முடிச்சை அவன் எதிர்லதான் அவுக்கணும். நாமளா அவுத்தா ஒரு கழி குறையுதும்பான். திருடிம்பான். இது கூடவா தெரியாது அவங்களுக்கு?"

"அதைத்தான் கோர்ட்டுக்கு வந்து எழுதிக் குடுக்கா."

தறியில் நாடா ஓட்டிக்கொண்டிருந்த பூவம்மாளின் கை நின்றது. சேலை நெய்யத் தறியில் ஏற்றியிருந்த பாவுநூல் பரசுராமன் கொடுத்தது.

"சொன்னா என் தறி நின்னுடும்மே."

"தெரியும்கா."

"தெரிஞ்சிக்கினே கேக்குற. நல்ல பொம்பளமா நீ."

கிரேஸ் எழுந்திருக்கவில்லை. போகவும் இடமில்லை.

"உம்மவன் என் வீட்டுக்கு எத்தினி மூட்டை கொண்டாந்திருப்பான்," என்றாள் பூவம்மாள், பாவைப் பார்த்தபடியே. "ஒண்ணுலயும் முடிச்சு கசங்கினதில்ல. காலையில எந்த பஸ்ஸு?"

மறுநாள் சென்னையில் நீதிபதி பூவம்மாளின் வாக்குமூலத்தைப் படித்தார். முடிச்சைத் தாங்களே வெட்டியதாக அதிகாரிகள் சோதனையின்போது எழுதிய மகஜரைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தார். அரசு வக்கீல் எழுந்து, கையெழுத்து இருக்கிறதே என்றார். நீதிபதி பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். கிரேஸுக்கு அந்த நேரம் கைவலி தெரியவில்லை.

"ஜாமீன் குடுத்துட்டாங்கமா," என்று டேனியலின் வக்கீல் கலையரசி அவள் காதருகே சொன்னாள். "வாராவாரம் ஸ்டேஷன்ல கையெழுத்து போடணும். கேஸ் இன்னும் இருக்குது, ஞாபகம் வச்சிக்கோங்க."

காஞ்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. பரசுராமனின் ஆட்கள் பாதி நெய்த சேலையோடு பாவை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். வெறும் தறியைப் பார்த்தபடி பூவம்மாள் செருப்பைக் கழற்றினாள். "உம்மவனுக்கு சோறு ஆக்கு, போ," என்றாள்.

டேனியல் வீட்டுக்கு வந்துவிட்டான். பூவம்மாளின் தறி இன்றைக்கும் வெறுமனே நிற்கிறது. கிரேஸ் அவளுக்கு ஒரு பாவு கடன்பட்டிருக்கிறாள். இன்னும் கொடுக்கவில்லை.