பல்செட்டின் வெள்ளோட்டம்

முப்பத்தோர் ஆண்டுகளாகப் பிறர் வாய்க்குப் பல்செட்டு செய்துகொடுத்தவர், தம் அறுபத்து மூன்றாம் வயதில் தம் வாய்க்கே ஒன்றைச் செய்துகொண்டார். மெழுகில் ஈறு பிடித்து, அச்சில் வார்த்து, மூன்று வாரம் தேய்த்து மெருகேற்றிய அதை மனைவியிடம் காட்டியபோது, "அழகாத்தான் இருக்குங்க" என்றாள் அவள். அவர் கேட்டது அழகைப் பற்றியன்று.

மனைவியின் தம்பி பல் மருத்துவர். எலும்பில் திருகு இறக்கிப் பல் நடுவதே மருத்துவம், கழற்றி மாட்டுவதெல்லாம் பொம்மைக்கடைச் சரக்கு என்பது அவருடைய கொள்கை.

"ரொட்டியை நனைச்சுத் திங்க அது போதும் அத்தான். கரியில சுட்ட கறியைக் கடிச்சுக் காட்டுங்க. நான் அப்புறம் வாயே திறக்கமாட்டேன்."

"நீ வாயை மூடுவேன்னா நான் எலும்பையே கடிப்பேன் மச்சான்."

இவ்வாறு பந்தயம் உறுதியாயிற்று. மூன்று ஊர்களில் மூன்று கரியடுப்புக் கடைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு. தோற்றால் மைத்துனரின் நாற்காலியில் வாய் பிளந்து படுக்க வேண்டும். சாட்சிகளுக்கும் பஞ்சமில்லை. முதல் இரண்டு ஊர்களிலும் இருந்த நண்பர்கள் அவர் செய்த பல்லையே அணிந்தவர்கள். மனைவியோ உடன் வர மறுத்துவிட்டாள்.

"உங்க பல்லு, அவன் வாயி. நடுவுல நான் எதுக்கு?"

ஆகவே அவர் சனிக்கிழமை காலை தனியாகவே காரை எடுத்தார். அரமும் மெருகுத்தாளும் கடி பார்க்கும் நீலத்தாளும் அடங்கிய சிறு டப்பா பக்கத்து இருக்கையில் பயணம் செய்தது.

முதல் ஊரில், நெடுஞ்சாலை வளைவிலிருந்த கடை வாசலில், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் செய்த செட்டு நேற்றுச் செய்ததுபோல் மின்னியது. தேய்மானமே இல்லாத பல்லைக் கண்டால் தொழிலாளி ஐயப்பட வேண்டும். இவர் பெருமைப்பட்டார்.

கறி வந்தது. லாரி ஓட்டுநர் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பினார். மீண்டும் திரும்பியபோது அவருடைய கன்னங்கள் ஒட்டியிருந்தன.

"எங்கடா பல்லு?"

"பையில. பத்திரமா இருக்கு."

"திங்கத்தானேடா செஞ்சு குடுத்தேன்?"

"தின்னா தேஞ்சிடாதா? கையெடுத்துக் கும்பிடற மாதிரி செஞ்சிருக்க. கல்யாணம் காட்சின்னா மட்டும்தான் மாட்டுவேன்."

பல்செட்டுக்காரர் ஒரு துண்டைக் கடித்தார். செட்டின் கீழ்வரிசை இடப்புறம் எழும்பியது. காருக்குச் சென்று, கண்ணாடியைத் திருப்பி, நீலத்தாளைக் கடித்துப் பார்த்து, அரத்தால் இரண்டு இழை இழைத்துக்கொண்டு திரும்பினார். இம்முறை வலப்புறம் எழும்பியது. எஞ்சிய துண்டுகளை அவர் மாத்திரைகளைப்போல் விழுங்கினார். பின்பு, "முதல் தட்டு காலி" என்று மனைவிக்குச் செய்தி அனுப்பினார். அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை.

இரண்டாம் ஊரில், பள்ளிக்கூடத்தில் உடன் படித்தவளும் இன்னும் ஒரு தனியார் பள்ளியை நடத்துபவளுமான தலைமையாசிரியை அவருக்காகக் கடையில் இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"வா பல்லு. உன் மச்சான் நேத்தே போன் பண்ணிட்டாரு. நான்தான் சாட்சியாம்."

தட்டு வந்ததும் அவள் தன் செட்டைக் கைக்குட்டையில் பொதிந்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்து மூடினாள்.

"நீயுமா?"

"இதப் போட்டுக்கிட்டு ஒழுக்கம்னு சொன்னேன்னா நானூறு பிள்ளைங்க நிமிந்து உக்காருது. அதுக்கு இது வேணும். திங்கறப்ப யாருக்கு ஒழுக்கம் வேணும்?"

அவர் தலை குனிந்துகொண்டு வேலையை முடித்தார். அவள் அவருடைய தொண்டையையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

"கடிச்சியா, முழுங்கினியா?"

"கடிச்சுத்தான் முழுங்கினேன்."

"முப்பது வருஷம் பரீட்சை ஹாலைச் சுத்தி வந்தவ நான். சரி, தட்டு காலின்னு சொல்லிடறேன். அத மட்டும் சொல்றேன்."

மூன்றாம் ஊரில் அவருக்குத் தெரிந்தவர் எவருமில்லை. அது ஆறுதலாக இருந்தது. அங்கே கடைக்காரர் தணலை விசிறியபடி, கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்கிய கறியை வெறும் ஈறால் மென்றுகொண்டிருந்தார். தட்டை வைத்தவர் விருந்தாளியின் தாடையைச் சற்று நேரம் பார்த்தார்.

"செட்டா? கழட்டிடுங்க ஐயா. வெக்கப்படாதீங்க. இங்க வர்றவங்க பாதிப்பேரு கழட்டிட்டுத்தான் திங்கறாங்க. அதுக்குன்னே கிண்ணம் வச்சிருக்கேன்."

சுவரோரப் பலகையில் சிறு கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் ஏற்கெனவே ஒரு செட்டு கிடந்தது.

"யாரோ போன மாசம் மறந்துட்டுப் போயிட்டாங்க. என்னா வேலைப்பாடு, பாத்தீங்களா? தூக்கிப் போட மனசு வரல."

அவர் பார்த்தார். கடைவாய்ப் பல்லின் அந்த வளைவை உலகில் ஒருவர்தான் இழைப்பார். பக்கத்துக் கிண்ணத்தை எடுத்து, தம் செட்டைக் கழற்றி வைத்தார். கடைக்காரர் கத்தரிக்கோலை நீட்டினார். அன்று முதன்முறையாகக் கறி ருசித்தது. புகையும் உப்பும் கொழுப்பும் தனித்தனியே நாவில் தெரிந்தன. அவர் இன்னொரு தட்டு கேட்டார்.

அப்போது கைப்பேசி அழைத்தது.

"மூணாவதும் ஆச்சாங்க? தம்பி பக்கத்துலதான் உக்காந்திருக்கான். பல்லு எப்படி?"

அவர் கிண்ணத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம்கூட அசையல" என்றார். சொல்லில் பாதி காற்றாகப் போயிற்று.

முப்பத்தோர் ஆண்டுகள் பட்டறையின் முன்னறையில் அமர்ந்து, பல்லில்லாமல் வருவோரிடம் பெயரும் விலாசமும் கேட்டு எழுதியவள் அவள். அந்தக் காற்று அவளுக்குப் புதிதன்று.

"ஜெயிச்சிட்டாருடா" என்று அவள் தம்பியிடம் உரக்கச் சொல்வது கேட்டது. நாற்காலி நகரும் ஓசை எழுந்தது. ஒரு கதவு சாத்தப்பட்டது. பிறகு தாழ்ந்த குரலில், "எங்கயாவது கழட்டி வச்சிருப்பீங்க. மறக்காம எடுத்துட்டு வாங்க. ஊருக்குள்ள நுழையறப்ப மாட்டிக்கிட்டாப் போதும்."

இரண்டாம் தட்டையும் முடித்துவிட்டு அவர் எழுந்தார். தம் செட்டைக் கழுவித் துடைத்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். பக்கத்துக் கிண்ணத்தில் கிடந்ததையும் ஒருமுறை எடுத்து, ஓரத்தில் படிந்த கரியைக் கட்டைவிரலால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். பின்பு தம் ஊரின் பெயர்ப்பலகை கண்ணில் படும்வரை, மனைவி சொன்னபடியே, வெறும் வாயோடு காரை ஓட்டினார்.