செல்லையன் வயலின் இடைவெளி

1

இந்தக் கதையை எழுதக் காரணம் ஒரு கோபம். என் கணவர் ராஜதாஸைப் பற்றி யார் எழுதினாலும் எல்லைப் போராட்டத்தில் உயிர்விட்டவர் என்று எழுதுகிறார்கள். அவர் போராடவில்லை. ஓர் உழவருக்கு உரம் வாங்கப் போனார். எனவே என் முதல் வாக்கியம்:

ஐம்பத்து நான்காம் ஆண்டு, பாறசாலைச் சாலையில்

வேண்டாம். சாலையில் தொடங்கினால் திரும்பவும் அவர்கள் எழுதிய கதைதான் வரும். வீட்டில் தொடங்குகிறேன்.

காலையில் கஞ்சி குடித்துக்கொண்டே, "விமலா, பயறில உப்பு போட்டியா, இல்ல உப்பைக் காட்டினியா?" என்றார்.

"காட்டினேன்" என்றேன்.

சிரித்துவிட்டு இன்னும் ஒரு கரண்டி வாங்கித் தின்றார். சைக்கிளை எடுத்தார். "வாறேன்" என்றார்.

2

ராஜதாஸ் அரசாங்கத்தின் விவசாய ஊழியர். குன்னத்துகால் பக்கத்து வயல்களில் புது நடவுமுறையைச் சொல்லிக்கொடுப்பது வேலை. கைக்கு வந்தபடி நெருக்கி நடாமல், கயிறு பிடித்து, வரிசைக்கு வரிசை ஒரு சாண் இடம் விட்டு நடவேண்டும். யாரும் சம்மதிக்கவில்லை. பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, வயல் எடுத்து உழுதுவந்த செல்லையன் மாமா* மட்டும் தலையாட்டினார்.

(* உறவில்லை. வயதுக்காக மாமா.)

வயலின் இரு கோடியிலும் மரக்குற்றி அடித்துக் கயிறு கட்டியதும் வரப்பில் ஆள் கூடிவிட்டது. எந்த ஊர் தமிழர் பக்கம் போகும், எது மலையாளத்தோடேயே நிற்கும் என்பதுதான் அப்போது எல்லா வாயிலும் பேச்சு.

"சாரே, இந்தக் கயிறு தமிழுக்கா, மலையாளத்துக்கா?" என்றார் பக்கத்து வயல்காரர் தாணுமாலயன்.

"நெல்லுக்காக்கும்."

"ஆங்! நெல்லுக்கு நூல் பிடிக்குத சர்க்காரு. நாங்க நம்பியாச்சு."

மறுநாள் குற்றிகளைக் காணவில்லை. செல்லையன் மாமாவின் மனைவி சத்தியபாய் மாமியே பிடுங்கி அடுப்பில் வைத்திருந்தார்.

"எனக்க வயலு நடுக்கூடி எல்லை போனா, நான் விதைக்கியது ஒரு நாட்டிலும் அறுக்கியது வேற நாட்டிலுமா?"

ராஜதாஸ் கேட்டது இவ்வளவுதான்: "மாமி, கஞ்சி வெந்துதா?"

"வெந்து."

"அப்போ குற்றி வீணாகல்ல."

புதுக் குற்றி வெட்டப் போனார்.

[இவ்வளவு பொறுமையான மனிதரைக் கதையில் வைத்தால் நம்புவீர்களா? வீட்டில் கோபம் வரும். ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதீர்கள் என்றால் வரும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.]

நடவு முடிந்தது.

3

உரம் வாங்க நெய்யாற்றின்கரைக்குப் போன அன்று சாலையில் பெருங்கூட்டம். கலவரம் மூண்டது. நடுவில் அகப்பட்டார். அவர் தலையில் பட்டது

இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன்.

அடக்கம் முடிந்த சில நாளில் செல்லையன் மாமாவும் மாமியும் வந்தார்கள். உரம் இல்லாமல் வயல் மஞ்சளித்து, நாற்றைவிட வெற்றிடமே அதிகமாகத் தெரிந்தது. வரப்பில் போகிறவர்கள் சிரித்தார்கள். விளையாவிட்டால் உடையவர் வயலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். நாற்றங்காலில் மிச்சமிருந்த நாற்றோ முற்றிக்கொண்டிருந்தது.

"மக்கா, இன்னைக்கு நட்டாதான் உண்டு. வரிசைக்கு எடையில நிரப்பட்டா?" என்றார் மாமா. "சாரு இல்ல. நீ ஒரு வாக்கு சொல்லு."

எனக்கு நெல்லைத் தெரியாது. அவர் பேச்சைத்தான் தெரியும். ஒரு நாற்றே பல தண்டாகத் தூர் வெடித்து அந்த இடம் தானே நிறையும் என்பார். நிரப்பாதீர்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவர் பார்த்துப் பார்த்து விட்ட இடம் அது. ஆனால் அவர் பேச்சை நம்பி ஒரு வீடு பட்டினி கிடக்கக் கூடாது.

"நட்டுக்கிடுங்க மாமா" என்றேன்.

மாமி எழுந்தார்.

"நாத்துக் கட்டுல கை வச்சுப் பாரும், அப்போ தெரியும்! ஆளு போன வீட்டுல வாக்கு கேக்க வந்திருக்காராம். அந்தப் பிள்ள நெஞ்சு வெடிச்சாக்கும் நட்டுக்கிடுங்கன்னு சொல்லுது. உமக்குக் கேக்கல்லியா?"

"வெளையல்லன்னா எதைத் தின்னுவ?"

"மரச்சீனிக் கெழங்கு உண்டு. அவிச்சுத் தின்னும்."

மாமா எழுந்தார். என் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டு மாமியின் பின்னால் போனார்.

4

இனி விளைச்சலைச் சொல்ல வேண்டும்.

ஒரு முடிவு: தூர் வெடித்து வயல் நிறைந்தது. அடுத்த பூ சாகுபடிக்குத் தாணுமாலயனே கயிறு கேட்டு வந்தார்.

இன்னொன்று: பாதி பதர். வயல் வேறு கைக்குப் போனது.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் ராஜதாஸ் சிலையாகிவிடுகிறார். இரண்டாவதில் மாமியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நடந்தது எது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் அவர் சரியா தவறா என்று ஒரு தீர்ப்பு எழுதியதாகிவிடும். நான் எழுத உட்கார்ந்தது அதற்கல்ல. உங்களுக்கு எது தாங்குமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வைத்தாலும் இது மாறாது: என்னிடம் வந்துபோன அன்று சாயங்காலம் மாமி களை பறிக்க அந்த வயலில் இறங்கினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரிசைகளுக்கு நடுவே நடந்துபோனார். ஒரு நாற்றுகூட மிதிபடவில்லை.