சூடு ஆறாமல்

செபஸ்தியனுக்கு ஆஸ்பத்திரிக் குளியலறை என்றால் ஆகாது. இரண்டு மாதமாக விந்து எடுக்கக் கொடுத்த சின்னப் போத்தலோடு உள்ளே போய், வியர்த்து விறுவிறுத்து, வெறும் போத்தலோடு வெளியே வந்தான். கருத்தரிக்க ஊசி போட்டுக்கொண்டு காத்துக்கிடந்த அவன் மனைவி பேர்ணடெற்றுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

“வீட்டிலயே எடுங்கோ. உடம்போட அணைச்சு, சூடு ஆறாமல் ஒரு மணித்தியாலத்துக்குள்ள கொண்டு வாங்கோ,” என்றாள் நர்ஸ். இதுதான் கடைசித் தடவை என்று டொக்டர் கையை விரித்திருந்தார்.

அதனால்தான், யுத்தம் நடந்துகொண்டிருந்த 2007-இன் அந்த வியாழக்கிழமை காலை, கொட்டாஞ்சேனையில் ராசிக்கின் ஓட்டோவில் ஏறியபோது, போத்தல் பேர்ணடெற்றின் சட்டைக்குள், மார்போடு இருந்தது. ஏழு வருசம் ஊர் வாய்க்குப் பதில் சொல்லிக் களைத்தவள், அன்று மூச்சைக்கூட அளந்து விட்டாள்.

பொரளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், சோதனைச் சாவடியில் மறித்தார்கள். பெண் பொலிஸ் அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தடவினாள். கை போத்தலில் நின்றது.

“மேக்க மொக்கத?”

இது என்னவென்று எப்படிச் சொல்வது? தெரிந்த சிங்களமெல்லாம் பறந்துவிட்டது. “தருவெக் நே, நோனா,” என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். பிள்ளை இல்லை என்று சொல்லத்தான் அவளுக்கு எல்லாப் பாஷையிலும் பழக்கமாயிற்றே. அந்தப் பெண் போத்தலைத் தானே திரும்ப வைத்துவிட்டாள்.

போத்தல் தப்பியது, செபஸ்தியன் தப்பவில்லை. அவனுடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார்; வடக்கென்றாலே சந்தேகம். அவனைச் சாவடி ஓரத்து மர வாங்கில் இருத்தியிருந்தார்கள். பின்னால் இலக்கத்தகடு இல்லாத வெள்ளை வான் ஒன்று நின்றது.

“நானும் இருக்கிறன்,” என்றாள் பேர்ணடெற்.

“நேரம் போகுது, பேர்ணி. விசாரிச்சிட்டு விடுவாங்கள். நான் பின்னால வாறன்.”

நாற்பது நிமிடம் கழிந்திருந்தது. அவள் வானைப் பார்த்தாள், மணிக்கூட்டைப் பார்த்தாள், ஓட்டோவில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் விந்தைச் சுத்தம்செய்து முடித்தபின், அதைக் கருப்பைக்குள் செலுத்துவது பத்து நிமிட வேலை. பிறகு அரை மணித்தியாலம் அசையாமல் படுக்கச் சொன்னார்கள்.

“இனிப் பதினாலு நாள் அழக்கூடாது, யோசிக்கக்கூடாது. மனசச் சந்தோசமா வச்சிருக்கவேணும்,” என்றாள் நர்ஸ். “மிஸ்டர் கீழ நிக்கிறாரா?”

“ஓம்.”

திரும்பி வரும்போது வாங்கு வெறுமையாக இருந்தது. வானும் இல்லை. காவலில் நின்றவர்கள் வேறு ஆட்கள். காலையிலிருந்து இங்கே யாரையும் இறக்கவில்லை என்று ஒருவன் சிங்களத்தில் சொன்னான்.

ராசிக் ஓட்டோவை ஓரமாக நிறுத்தினான். “அக்கா, கொஞ்சம் அழுதிடுங்க.”

பேர்ணடெற் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அழக்கூடாதாம் தம்பி. பதினாலு நாளைக்கு.”