கொழுந்து மலையைப் பார்த்த ஜன்னல்

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டத்தில், போன வருடத்திலிருந்து பிள்ளைக் காம்பராவின் சிவப்பு ஜன்னலை விட்டுக் காலை வெயில் போவதே இல்லை. மழை அடித்தாலும் இருட்டினாலும் அதில் ஒரே வெயில்தான்.

தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. பழைய காம்பராவில் ஜன்னல்கள் கூரையை ஒட்டி இருந்தன. தாயைக் கண்டால் பிள்ளை அழும், பிள்ளை அழுதால் தாய்க்குக் கை ஓடாது என்பது வெள்ளைக்காரத் துரைமாரின் ஞானம். அவர்கள் கப்பலேறியும் ஞானம் இங்கேயே தங்கிவிட்டது. புதிய கட்டடத்துக்குப் படம் வரையப் பேராதனையிலிருந்து வந்த றமீலா, தரையில் குப்புறப் படுத்து, தவழும் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்தார். பிறகு ஜன்னல்களை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, வட்டமும் சதுரமுமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து, மலையைப் பார்த்து வைத்தார். பிள்ளைகள் அழவில்லை. அம்மாவைத் தேடிப்பிடித்துச் சிரித்தார்கள்.

திறந்த மறுமாதம், சிவப்பு ஜன்னலுக்கு நேரே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இராஜகுமாரியைக் குளவி கொட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன லொறி பிரதான வீதிக்கு வருவதற்குள் உயிர் போய்விட்டது. பாவம், சின்ன வயது. அன்று தொடங்கி அந்த ஜன்னலில் வெயில் நிலைத்தது. பெரியவர்கள் குனிந்து பார்த்தால் கண்தான் கூசும். பிள்ளைகளுக்கோ, இராஜகுமாரி கொழுந்து எடுப்பது தெரிந்தது. அவளுடைய மகள் நிலூஷா சாயங்காலம் வீட்டுக்கு வர மறுத்தாள்.

"அம்மாவுக்கு இன்னும் வேல முடியல."

தூக்கிக்கொண்டு போனால் மூச்சடைத்து நீலம் பாரித்தாள். ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பிள்ளையும் போய்விடும் என்று லயத்து வரிசை வீடுகள் எல்லாமே பயந்தன. ஜன்னலை அடைக்கச் சொன்னார் இப்போது தோட்டத்தை நடத்தும் துரை. "நான் வெச்ச ஜன்னல், நானே மூடுறேன்," என்று றமீலா அழுதுகொண்டே செங்கல் வைத்துப் பூசினார். வெயில் செங்கல்லைத் தாண்டி வந்தது. செங்கல்லை எடுத்துவிட்டார்கள்.

கடைசியில் இராஜகுமாரியின் புருஷன் இருளப்பன், குடையோடு மலையேறி, அவள் விழுந்த இடத்தில் போய் நின்றான். அவன் கண்ணுக்குத் தேயிலையும் மழையும்தான். வெட்கத்தை விட்டு வெறுங்காற்றிடம் சொன்னான்:

"குமாரி, புள்ள வீட்டுக்கு வரமாட்டேங்குது. சாப்புடவும் மாட்டேங்குது. நீ கொஞ்சம் போகச் சொல்லு."

கீழே நிலூஷா எழுந்து, செருப்பைப் போட்டு, ஜன்னலுக்குக் கையசைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். அன்றைக்குச் சோறும் சாப்பிட்டாள்.

அதன்பின் தினமும் அப்படித்தான். கங்காணி அந்த இடத்துக்கு வேறு ஆள் போடுவதில்லை. மகளைத் தோளில் வைத்து லயத்துக்கு நடக்கும்போது, அம்மா இன்றைக்கு எந்தப் பக்கம் நின்றாள் என்று மட்டும் இருளப்பன் கேட்பான்.

"கொட புடிச்ச கைப்பக்கம்பா. எடமே இல்லாம நிக்கிறாங்க."

மறுநாள் குடைக்குள் அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு நிற்பான்.