பன்னிரு படுக்கைக்கு ஒரு வாளி

மேல்மாடங்களைப் பொன்னாக்கிய இளவெயில் தாழ்வாரங்களை இன்னும் தீண்டாதிருந்த காலைப்பொழுதில், ஆயிரம் நோயாளரைத் தன் வயிற்றில் தாங்கி, வெண்சுண்ணம் பூசிய குன்றென நகர் நடுவே நின்றது அம்மருத்துவமனை. புறத்தே நின்று நோக்குவார்க்கு அது தூய்மையின் திருவுரு. தீப்புண்பட்ட மகளிர் கிடந்த கூடத்துள் புகுவாரையோ, சீழும் ஈரமும் பிசைந்த நாற்றம் தொண்டைக்குள் விரலிட்டாற்போல் குமட்டச் செய்தது.

நெடுவிடுப்பு முடிந்து அன்று திரும்பிய தலைமைச் செவிலி அந்நாற்றத்தின் ஊற்றைத் தேடிக் கண்டாள். பன்னிரு படுக்கைக்கு ஒரே வாளி, ஒரே கடற்பஞ்சு. இளஞ்செவிலி ஒருத்தி, ஒரு புண்ணைத் துடைத்து, வாளியில் பிழிந்து, அதே பஞ்சுடன் அடுத்த படுக்கைக்கு நகர்ந்துகொண்டிருந்தாள்.

"வேணாம்மா, அந்தத் தண்ணியே நாறுது" என்று, கடைசிப் படுக்கையில் கிடந்த தையற்காரி கையை இழுத்துக்கொண்டாள்.

"என்ன பண்ற நீ?" என்றாள் தலைமைச் செவிலி.

"கண்காணிப்பாளர் ஐயாவோட புது ஏற்பாடுக்கா. வேலை சீக்கிரம் முடியுதுல்ல?"

புது ஏற்பாடாம்! அறுபது ஆண்டுகட்கு முன் இதே கூடத்தில், இதே முறையால், பத்தொன்பது பெண்டிர் புண் புரையோடி மாண்டதையும், அதன் பின்னரே ஆளுக்கொரு துணி என்னும் விதி பிறந்ததையும் செவிலியர் வரலாற்றுப் பாடத்தில் அவள் பயின்றிருந்தாள். இளையவள் பயின்றிலள், வீண்சுமையென்று அப்பாடத்தை நீக்கியவரும் அக்கண்காணிப்பாளரே.

வாளியைத் தூக்கிச் சென்று, நறுநீர் தெளித்த அவர் அறையில், மேசைமேல் வைத்தாள்.

"சீ! எடும்மா முதல்ல!"

"இந்த மாதிரி தண்ணியாலதான் ஐயா அன்னைக்குப் பத்தொன்பது பேரு செத்தாங்க."

"பழங்கதை எதுக்கும்மா இப்போ?"

"பழங்கதைதானே? அப்ப உங்க கையை இதுல விடுங்க."

மூக்கைப் பொத்திய கையும் இறங்கவில்லை. மற்றக் கையும் நீளவில்லை. நண்பகலுக்குள் வாளி ஒழிந்தது; கண்காணிப்பாளரின் ஆணையில் அது 'சிறு மாற்றம்' எனப்பட்டது. ஆயினும் முந்தைய நாட்களில் அப்பஞ்சாலேயே துடைக்கப்பட்ட தையற்காரிக்கு முன்னமே காய்ச்சல் ஏறியிருந்தது. ஐந்தாம் நாள் அவள் உடலைப் பெற வந்த மகள், "அம்மா வேணாம்னு சொன்னாங்களாமே, யாருமே கேக்கலையா?" என்றாள்.

மறு ஆண்டு வரலாற்றுப் பாடம் மீண்டது. தொடக்கவிழாவில் மாலை சூடி நின்ற கண்காணிப்பாளர், முன்னோர் பட்டறிவே நமக்கு விளக்கென்று முழங்க, அவை கைதட்டி ஆர்த்தது. அறிவுடையீர், அறியாமையால் நேரும் சாவுக்கு அழலாம். அறிந்ததைக் குப்பையிலெறிந்துவிட்டு வருவித்துக்கொண்ட சாவின்மேல் நின்று புகழ்பெறுவாரைக் கண்டால், அழுகை வருவதில்லை, காறி உமிழவே எச்சில் ஊறுகிறது. தலைமைச் செவிலி கைதட்டவில்லை. ஓசையின்றி எழுந்து, முற்றத்துக் குழாயடியில் குனிந்து, வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.