பிறக்காத நட்சத்திரம்

நான்கு வருடமாக விண்வெளியில் ஒரே ஒரு இருட்டு மேகத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று அறுபது டிகிரி. நூறு சூரியனுக்கு வேண்டிய வாயு ஒரே கட்டியாகத் திரண்டிருக்கிறது. உள்ளே நட்சத்திரம் மட்டும் இன்னும் பிறக்கவில்லை. பெரிய நட்சத்திரங்கள் இப்படி மொத்தமாகத் திரண்ட பிறகுதான் பிறக்கின்றனவா, சின்னதாகப் பிறந்து தின்று தின்று பெரிதாகின்றனவா என்பது எங்கள் துறையின் தீராத சண்டை. என் கட்டி அதைத் தீர்த்துவைக்கும் என்று கட்டுரை எழுதி முடித்திருந்தேன். ஐந்து மணிக்குள் அனுப்பினால் வேலை நீட்டிப்பு. இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மூன்று மணிக்குப் பக்கத்து மேசைக்காரர் வந்து நின்றார். மீசையை எடுத்துப் பல வருடம் ஆகியும் எங்களுக்கு அவர் மீசைதான்.

“மேடம், ரெண்டு ஓரத்தையும் ஏன் கழிச்சீங்க?”

“எப்பவும் கழிக்கிறதுதானே? அங்க வெறும் இரைச்சல்.”

தொலைநோக்கி தரும் வரைபடத்தில் மேகத்தின் சமிக்ஞை நடுவில் இருக்கும். ஓரங்களில் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொண்டு கழித்துவிடுவோம். அதற்கான ப்ரோகிராமை எழுதிய மகராசி நான்தான். அலுவலகமே அதைத்தான் பயன்படுத்துகிறது.

“கழிக்காம ஒரு தடவ பாருங்க.”

பார்த்தேன். ஓரங்களில் வாயு இரு பக்கமும் பீய்ச்சியடித்துக்கொண்டு ஓடியது. பிறந்த நட்சத்திரம்தான் அப்படித் துப்பும். உள்ளே பிள்ளை எப்போதோ பிறந்துவிட்டது; அதன் அழுகையைத்தான் நான் இரைச்சல் என்று துடைத்திருக்கிறேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அஞ்சு மணிக்கு அனுப்பணும், மூணு மணிக்கு வந்து சொல்றீங்க! உங்களுக்கென்ன, நிரந்தர வேலை. காலாட்டிக்கிட்டு உக்காரலாம்.”

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“எனக்கு அந்த வேலைய வாங்கிக்கொடுத்த பேப்பர்லயும் உங்க ப்ரோகிராம்தான் மேடம். காலைல அதையும் திறந்து பாத்தேன். பிறக்கலன்னு நான் எழுதின மேகத்துலயும் பிறந்திருக்கு.”

இந்த மனிதர் பேசாமல் இருந்திருந்தால் ஈ எறும்புக்குக்கூடத் தெரிந்திருக்காது. கொஞ்சம் முன்னால் சொன்னதை நினைத்து வெட்கமாக இருந்தது.

“டைரக்டர்கிட்ட நான் போய்ச் சொல்றேன். ப்ரோகிராம எழுதினது நான்தானே,” என்றேன்.

“யாரு எழுதினா என்ன, பேப்பர்ல என் பேர்தான் இருக்கு. வாங்க, சேந்தே போவோம்.”

டைரக்டர் அறைக் கதவுக்கு முன்னால் என் கை எழவில்லை. அவர் தட்டினார்.