மிளகுப் பை

பல்கலைக்கழகத்தில் நான் படிப்பது கணிதம். வேறு துறையிலிருந்தும் ஒரு பாடம் எடுக்கலாம் என்றார்கள். டிசைன் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். மணிவண்ணன் சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோகிலா, மேத்ஸ் பொண்ணுக்கு இங்க என்ன வேலை? வெள்ளிக்கிழமை ஒரு பொருள் செஞ்சு கொண்டா. அதப் பாத்துட்டுத்தான் நீ இந்த வகுப்புல இருக்கலாமா வேண்டாமான்னு சொல்லுவேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செய்து காட்டாமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கொல்லிமலையில் என் அம்மா மிளகு பறிக்கும்போது சேலையை மடித்துக் கட்டி அதில்தான் போடுவாள். பாதி கீழே சிந்தும். அதற்காக வயிற்றுக்கு முன்னால் தொங்கும்படி ஒரு பை வரைந்து தைத்தேன். படத்தில் அம்மாவை ஏணியில் நிறுத்தியிருந்தேன். வகுப்பில் எல்லோரும் பிரமாதம் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

புதன்கிழமை பையோடு ஊருக்கு பஸ் ஏறினேன். அதை மாட்டிக்கொண்டு, மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் ஏணியைச் சாய்த்து ஏறிய அம்மா பாதியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்கண்ணு, பை நடுவுல முட்டுதே. மரத்துக்கிட்டயே போவ முடியலியே!"

அடச்சீ! எங்கள் ஏணி, கால் வைக்கக் கிளைக் கணுக்களை மட்டும் விட்டு வெட்டிய ஒற்றை மூங்கில். நெஞ்சை ஒட்டிக்கொண்டுதான் அதில் ஏற வேண்டும். நானோ வகுப்பில் இருப்பவர்களுக்குப் புரியட்டும் என்று கடையில் விற்கும் இரண்டு கால் ஏணியை வரைந்து, பிறகு அந்தப் படத்தையே நம்பித் தைத்திருக்கிறேன். அந்த மூங்கிலில் ஏறி வளர்ந்தவள் நான்! வெட்கமாகப் போய்விட்டது.

"உடு சாமி, நான் சேலையிலயே பறிச்சுக்கறேன்."

"அதெல்லாம் ஆவாது. கழட்டும்மா."

மொத்தத் தையலையும் பிரித்தேன். பையை இடுப்பின் பக்கவாட்டுக்கு மாற்றினால் பின்னால் நழுவியது. ஒரு பட்டை வைத்துத் தொடையோடு கட்டினேன். அம்மாவை ஏற்றி ஏற்றி இறக்கினேன். "என் முட்டியே போச்சுடி" என்று திட்டிக்கொண்டே ஏறினாள்.

வெள்ளிக்கிழமை செல்லமுத்து மாமாவின் குச்சிக்கிழங்கு லாரியில் மூங்கிலையும் போட்டுக்கொண்டு மலை இறங்கினேன்.

"இது என்னம்மா கூத்து?" என்றார் சார்.

வகுப்புக்கு வெளியே நின்ற வேப்பமரத்தில் மூங்கிலைச் சாய்த்து விறுவிறுவென்று ஏறினேன். எட்டிய கொத்தையெல்லாம் பறித்துப் பையில் போட்டேன். ஒரு இலைகூடக் கீழே சிந்தவில்லை.

"சரி, பாத்தாச்சு. மொதல்ல இறங்கு, அப்புறம் பேசலாம்."

"நான் வகுப்புல இருக்கலாமா வேண்டாமான்னு சொல்லுங்க சார். அப்பறம் இறங்கறேனுங்க."

கீழே ஒரே சிரிப்பு. சார் மட்டும் சிரிக்கவில்லை. மூங்கிலைத் தட்டிப் பார்த்தார். என் இடுப்பில் இருந்த பையை அண்ணாந்து பார்த்தார். நான் இறங்கவில்லை.

"திங்கட்கிழமை ஒம்பது மணிக்கு வகுப்பு," என்றார். "லேட்டா வந்தா உள்ள விடமாட்டேன்."